வெப்பத்தை உமிழத் தெரிந்த பொருளும் உமிழத் தெரியாத கூரைகளும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கொழும்பு வாழ் மக்கள் படும் வெப்ப அவதி புதியதொன்றல்ல. ஆயினும் அண்மைய ஆண்டுகளில் பெப்ரவரி மாதம் தொடக்கம் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் குறித்து அடிக்கடி எச்சரிக்கை விடுப்பதைக் காண்கின்றோம். 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் புனித ரமழான் நோன்பும் இக்காலத்திலேயே வந்தது. பகல் முழுவதும் நீர் அருந்தாதிருந்த நோன்பாளிகளும், தகரக் கூரையின் கீழ் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், இரவிலும் சுவர் சூடு தணியாத அறைகளில் உறங்க முயன்ற முதியோரும் பட்ட துன்பத்தை நாம் அறிவோம்.

இதிலே ஒரு விடயம் பலருக்கும் புதிராக இருப்பதுண்டு. வெள்ளவத்தையில் தொடர்மாடியின் உச்சித் தளத்தில் குடியிருப்போர், சூரியன் மறைந்து மூன்று, நான்கு மணித்தியாலங்கள் கழிந்த பின்னரும் மேற்றளத்திலிருந்து சூடு இறங்குகிறதே என்று முறையிடுவர். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் தகடு வேய்ந்த சிறு வீடுகளில் வாழ்வோரோ, நண்பகலில் வீட்டினுள் இருப்பதைவிட வெளியே மரநிழலில் நிற்பது மேல் என்பர். இரண்டு முறைப்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றே. கூரை வெயிலை எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பற்றி நாம் ஓரளவு சிந்திக்கின்றோம். வாங்கிய வெப்பத்தை அது எவ்வாறு வெளியே விடுகிறது, எத்திசையில் விடுகிறது என்பதைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை.

இந்த இரண்டாவது கேள்விக்கு மிக நுட்பமான விடையொன்றைத் தந்த பொருள் ஒன்று உண்டு. அது மாசூட்டப்பட்ட மங்கனீசு ஒட்சைட்டு ஆகும். சூடாக இருக்கும்போது வெப்பத்தைத் தாராளமாக உமிழ்ந்து, குளிரும்போது தானாகவே தன் வாயை மூடிக்கொள்ளும் இயல்பு அதற்குண்டு. விண்கலங்களுக்கெனப் பரிசோதிக்கப்பட்ட இப்பொருளின் கதையை விளங்கிக்கொண்டால், நமது கூரைகளைப் பற்றியும் தெளிவாகச் சிந்திக்க முடியும் என்பது நமது கருத்தாகும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எந்தப் பொருளும், அது வெந்நீராயினும் பனிக்கட்டியாயினும், தன் வெப்பநிலைக்கேற்ப இடையறாது கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அன்றாட வெப்பநிலைகளில் இக்கதிர்கள் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க் கதிர்களாகும். பற்றி எரியாத, ஆனால் சூடான அடுப்புக் கல்லின் அருகே கையைக் கொண்டுசென்றால் தொடாமலேயே சூடு தெரிவது இவற்றாலேயே. இச்செயலை நமது பாடநூல்கள் 'காலல்' என்று கூறும். உமிழ்தல் என்பதும் அதுவே.

வெப்பநிலை கூடும்போது இந்த உமிழ்வு மிக விரைவாகக் கூடுகிறது. 1879 இல் ஸ்டெபான் பரிசோதனைகளிலிருந்து கண்டறிந்து, 1884 இல் போல்ட்ஸ்மான் கோட்பாட்டு ரீதியாக நிறுவிய விதியின்படி, உமிழப்படும் வலு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமாகும். பூரணமாக உமிழும் ஒரு மேற்பரப்பு 27 பாகை செல்சியசில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 460 வாற்று வெப்பத்தை வெளிவிடும். 60 பாகையில் இது ஏறத்தாழ 700 வாற்றாகும். பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையிலோ 51 வாற்று மாத்திரமே.

ஆனால் எல்லா மேற்பரப்புகளும் பூரணமாக உமிழ்வதில்லை. ஒரே வெப்பநிலையில், பூரண உமிழ்வின் எத்தனை பங்கை ஒரு பொருள் வெளிவிடுகிறது என்பதே அதன் காலற்றிறன் எனப்படும். இது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகும். மினுக்கிய அலுமினியத்துக்கு இது 0.1 இலும் குறைவு. கரிக்கு 0.95 அளவில் இருக்கும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது இதைக் காணலாம். நன்கு தேய்த்துப் பளபளப்பாக்கிய பாத்திரத்தில் உள்ள கஞ்சி, வெளிப்புறம் கரிபிடித்த பாத்திரத்தில் உள்ள கஞ்சியைவிடச் சற்று நேரம் கூடுதலாகச் சூட்டைப் பேணும். சுடுநீர்ப் போத்தலின் உட்சுவரை வெள்ளிபோல் பளபளப்பாக்குவதும் இதே காரணத்துக்காகவே.

பளபளக்கும் பொருள் ஏன் குறைவாக உமிழ்கிறது? 1859 இல் கேர்ச்சோவ் காட்டியது இதற்கு விடையாகும். ஓர் அலைநீளத்தில் கதிரை நன்கு உறிஞ்சும் பொருளே அந்த அலைநீளத்தில் நன்கு உமிழும். நன்கு தெறிக்கச் செய்யும் பொருள் குறைவாகவே உமிழும். உலோகங்களில் சுயாதீனமாகத் திரியும் இலத்திரன்கள் செந்நிறக் கீழ்க் கதிர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே அவை மோசமான உமிழிகள். காவலிகளில் அத்தகைய இலத்திரன்கள் இல்லை. அங்கே அணுக்களின் அதிர்வுகள் கதிரை உறிஞ்சுகின்றன. ஆகவே அவை நல்ல உமிழிகள்.

இங்கே வாசகர்கள் கவனிக்கவேண்டிய உண்மையொன்றுண்டு. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு ஒரு பொருளின் காலற்றிறனைக் கூறிவிட முடியாது. வெண்ணிறப் பூச்சு கண்ணுக்கு வெள்ளையாயினும் செந்நிறக் கீழ்க் கதிர்களைப் பொறுத்தவரை கிட்டத்தட்டக் கரியைப் போன்றதே. அதன் காலற்றிறன் 0.9 அளவில் உள்ளது. சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்வது ஒரு குணம், வெப்பத்தை உமிழ்வது வேறொரு குணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே கூரை விடயத்தில் நாம் தவறிழைக்கின்றோம்.

இனி மங்கனீசு ஒட்சைட்டுக்கு வருவோம். சாதாரண பொருள் ஒன்றின் காலற்றிறன் வெப்பநிலையோடு பெரிதாக மாறுவதில்லை. உலோகம் என்றும் உலோகமே, காவலி என்றும் காவலியே. ஆனால் குளிரில் உலோகமாகவும் சூட்டில் காவலியாகவும் நடந்துகொள்ளும் பொருளொன்று கிடைத்தால் அதன் காலற்றிறன் குளிரில் சிறிதாகவும் சூட்டில் பெரிதாகவும் இருக்குமல்லவா? அத்தகைய பொருளே இது.

இதன் அடிப்படைச் சேர்வை இலந்தனம், மங்கனீசு, ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தது. இதில் இலந்தனம் மூன்று இலத்திரன்களை இழந்த நிலையில் இருக்கும். அதன் ஒரு பகுதியை நீக்கி, இரண்டு இலத்திரன்களை மாத்திரம் இழக்கும் ஸ்ரொன்சியத்தையோ கல்சியத்தையோ அவ்விடத்தில் வைப்பதே மாசூட்டல் எனப்படுகிறது. மாசு என்றதும் அழுக்கு என்று எண்ணவேண்டியதில்லை. பாலுக்கு உறை மோர் இடுவது போல், வேண்டுமென்றே அளவறிந்து சேர்க்கப்படும் சிறு பங்கு அது. இதனால் ஏற்படும் இலத்திரன் குறைபாட்டை மங்கனீசு அணுக்களில் சில ஈடுசெய்கின்றன. அவை மேலும் ஓர் இலத்திரனை இழந்து நிற்கின்றன. ஓர் இலத்திரன் கூடுதலாக உள்ள மங்கனீசு அணுவிலிருந்து, குறைவாக உள்ள அடுத்த மங்கனீசு அணுவுக்கு, நடுவேயுள்ள ஒட்சிசன் வழியாக இலத்திரன் தாவுவதற்கு இவ்வாறு வழி பிறக்கிறது.

ஆனால் அந்தத் தாவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மங்கனீசு அணுவும் ஒரு சிறு காந்தம். அயலிலுள்ள இரு காந்தங்களும் ஒரே திசையை நோக்கினாலே இலத்திரன் இலகுவாகத் தாவும். திசை மாறி நின்றால் தாவல் தடைப்படும். குளிரில் காந்தங்கள் தொழுகை வரிசை போல் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. இலத்திரன்கள் தடையின்றி ஓடுகின்றன. பொருள் உலோகமாகிறது. வெப்பநிலை கூடக்கூட அணிவகுப்புக் குலைகிறது. குறித்த ஒரு வெப்பநிலைக்கு மேல் ஒழுங்கு முற்றாக அற்றுப்போக, இலத்திரன்கள் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. பொருள் காவலிபோல் நடந்துகொள்கிறது. உலோகமாக இருந்தபோது செந்நிறக் கீழ்க் கதிர்களைத் திருப்பி அனுப்பிய அதே மேற்பரப்பு, இப்போது அவற்றை உறிஞ்சவும் உமிழவும் தொடங்குகிறது.

இப்பொருள்களின் காந்த இயல்பு, ஒல்லாந்து நாட்டின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் ஜொங்கர், வான் சான்டன் ஆகியோரால் 1950 இல் வெளியிடப்பட்டது. இலத்திரன் தாவலுக்கும் காந்த ஒழுங்குக்கும் உள்ள தொடர்பை அடுத்த ஆண்டிலேயே ஸேனர் விளக்கினார். பின்னர் நெடுங்காலம் இது சிறு தொகையினரின் அக்கறைக்குரிய துறையாகவே இருந்தது. 1990களில், காந்தப் புலத்தினால் இவற்றின் மின் தடை ஆயிரம் மடங்கு வரை மாறக்கூடும் எனக் காட்டப்பட்டதும் உலகின் கவனம் இதன்பால் திரும்பியது. நமது அயலிலே, பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் அவர்களின் குழுவினர் இத்துறையில் முன்னணி வகித்தனர். மங்கனீசு ஒட்சைட்டுகள் பற்றி அவர் பிரெஞ்சு அறிஞர் ராவோவுடன் சேர்ந்து பதிப்பித்த நூல் 1998 இல் வெளிவந்தது. பின்னாளில் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மின் தடையின் மாற்றத்தைப் பலரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வெப்ப உமிழ்வின் மாற்றத்தைப் பயன்படுத்தலாம் என்று எண்ணியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அவர்கள் எதிர்நோக்கிய பிரச்சினை விண்வெளியில் இருந்தது. அங்கே காற்று இல்லை. ஆகவே ஒரு விண்கலம் தன் வெப்பத்தை இழப்பதற்குக் கதிர்வீசலைத் தவிர வேறு வழி எதுவுமில்லை. உள்ளிருக்கும் கருவிகள் இயங்கும்போது வெப்பத்தை வெளிவிடாவிட்டால் அவை வெந்துபோகும். நிழலில் செல்லும்போது வெப்பத்தை வெளிவிட்டால் அவை உறைந்துபோகும். வெப்பத்தை வெளிவிடும் பலகை ஒன்றைப் பொருத்தினால் அது வேளை அறியாது எப்போதும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்க, யன்னல் கதவுகள் போல் திறந்து மூடும் இயந்திரத் தட்டுகளையும் மின்னில் இயங்கும் சூடாக்கிகளையும் பயன்படுத்தி வந்தனர். தட்டுகள் பாரம் கூடியவை, பழுதடையக்கூடியவை. சூடாக்கிகளோ அரிதாகக் கிடைக்கும் மின்சாரத்தை விழுங்குபவை.

இது நமக்குத் தொடர்பில்லாத பிரச்சினையென எண்ணவேண்டாம். 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்து விடுவிக்கப்பட்ட இலங்கையின் 'ராவணா 1' செய்மதி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையே உடையது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில், கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் பங்களிப்புடன் அது உருவானது. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் எந்தச் சிறு செய்மதியும் ஒரு நாளில் பதினைந்து, பதினாறு தடவைகள் வெயிலுக்கும் இருளுக்கும் மாறிமாறிச் செல்லவேண்டும். அவ்வளவு சிறிய பெட்டியில் இயந்திரத் தட்டுகளுக்கு இடமேது?

ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட விடை மங்கனீசு ஒட்சைட்டால் ஆன மெல்லிய ஓடாகும். இலந்தனத்தில் நூற்றுக்குப் பதினேழரை பங்கை ஸ்ரொன்சியமாக மாற்றியபோது, காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசாக அமைந்தது. மின்கருவிகள் விரும்பும் அறை வெப்பநிலைக்கு இது மிக அண்மையானது. பூச்சியத்துக்குக் கீழே 100 பாகை அளவிலான குளிரில் அதன் காலற்றிறன் மூன்றிலொன்றுக்கும் குறைவு. அறை வெப்பநிலையிலோ அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு. குளிரில் உமிழ்வு நான்காம் அடுக்கு விதியால் ஏற்கெனவே குறைந்துவிடுகிறது. காலற்றிறனும் சேர்ந்து குறைவதால் வெப்ப இழப்பு மேலும் பாதிக்குக் குறைகிறது. இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை, கட்டளையிட எவரும் வேண்டியதில்லை.

மாசின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதையும் இங்கு சொல்லவேண்டும். ஸ்ரொன்சியத்தை 30 பங்காகக் கூட்டினால் காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை 95 பாகை வரை உயர்ந்துவிடும். அதுமட்டுமன்றி, அதற்கு மேலும் அப்பொருள் தெளிவான காவலியாக மாறுவதில்லை. ஸ்ரொன்சியத்துக்குப் பதிலாகக் கல்சியத்தை 30 பங்கு இட்டாலோ அந்த வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் கறி கெடுவது போலத்தான். எவ்வெப்பநிலையில் வாய் திறக்கவேண்டும் என்பதை மாசின் வகையும் அளவுமே தீர்மானிக்கின்றன. மாற்றமும் ஒரு நொடியில் நிகழ்வதன்று. குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது காலற்றிறன் படிப்படியாக உயர்ந்து, குறித்த வெப்பநிலையைத் தாண்டியதும் ஏறக்குறைய நிலைபெறுகிறது.

2003 மே 9 ஆம் திகதி ஜப்பான் ஏவிய 'ஹயபுசா' விண்கலத்தில் இந்த ஓடு பரிசோதனைக்காகப் பொருத்தப்பட்டது. இத்தோகாவா என்னும் சிறுகோளை 2005 இல் சென்றடைந்து, அதன் துகள்களை 2010 ஜூன் 13 அன்று அவுஸ்திரேலியாவில் கொண்டுவந்து சேர்த்த அதே கலம்தான் இது. அதன் பயணத்தில் சூரியனிலிருந்து பூமி உள்ள தூரத்தின் ஏறத்தாழ 1.7 மடங்கு தூரம் வரை அது சென்றது. அங்கே சூரிய ஒளி இங்குள்ளதில் மூன்றிலொரு பங்களவே. அத்தகைய பயணத்துக்கு, சூட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் மேற்பரப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அப்படியாயின் இதையே நமது கூரைகளில் பதித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை இல்லை என்பதே. இந்த 'இல்லை' எதனால் என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது காரணம், இவ்வொட்சைட்டு கறுப்பு நிறமானது. சூரிய ஒளியில் பெரும் பகுதியை உறிஞ்சிவிடும். விண்கலத்தில் அதன்மேல் ஒளியைத் தெறிக்கச் செய்யும் பல அடுக்கு மென்படலத்தை இட்டே வெயில் படும் இடத்தில் பயன்படுத்த முடியும். இரண்டாவது காரணம், அதன் மாற்றமெல்லாம் உறைபனிக்குக் கீழுள்ள குளிருக்கும் அறை வெப்பநிலைக்கும் இடையிலேயே நிகழ்கிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. இங்கே அந்த ஓடு பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை வாய் திறந்தபடியே இருக்கும். மூடும் தேவை வராத இடத்தில் மூடத் தெரிந்த பொருளுக்கு ஏன் விலை கொடுக்கவேண்டும்?

கட்டிடங்களுக்கென இதே எண்ணத்தில் வேறு பொருள்கள் உருவாகியுள்ளன என்பது உண்மையே. 2021 இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள், தங்குதன் மாசூட்டிய வனேடியம் ஈரொட்சைட்டைக் கொண்டு ஒரு கூரைப் படலத்தை அறிவித்தனர். அதன் காலற்றிறன் குளிரில் 0.2 ஆகவும், ஏறத்தாழ 22 பாகையைத் தாண்டியதும் 0.9 ஆகவும் மாறும். வனேடியம் ஈரொட்சைட்டு மங்கனீசு ஒட்சைட்டுக்கு நேர்மாறானது. அது சூட்டிலேயே உலோகமாகும். ஆகவே விசேட அடுக்கமைப்பின் மூலமே இப்பயனைப் பெற முடிந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிபொருள் செலவிடும் நாடுகளுக்கு இது வரப்பிரசாதமாகலாம். ஆண்டு முழுவதும் வெப்பமே நிலவும் நமக்கு அந்த மேலதிகப் பயன் இல்லை.

நமக்கு வேண்டியது எளியது. எப்போதும் மேல்நோக்கி நன்கு உமிழும் கூரை, எப்போதும் கீழ்நோக்கிக் குறைவாக உமிழும் கூரை. இதற்கு அரிய பொருள் எதுவும் தேவையில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நண்பகலில் கூரைத் தகடு 60 பாகைக்குச் சூடாகியுள்ளது என்று கொள்வோம். கொழும்பின் ஈரப்பதன் மிக்க வானமும் நம்மை நோக்கிக் கதிர்வீசுகிறது. அதைச் சதுர மீற்றருக்கு 400 வாற்று என்று எடுத்துக்கொள்வோம். புதிய பளபளக்கும் நாகப் பூச்சுத் தகட்டின் காலற்றிறன் 0.25 எனின், அது வானத்துக்கு இழக்கும் நிகர வெப்பம் ஏறத்தாழ 75 வாற்றாகும். அதே தகட்டுக்கு வெண்ணிறப் பூச்சு இட்டுக் காலற்றிறனை 0.9 ஆக்கினால், அதே வெப்பநிலையில் இழப்பு ஏறத்தாழ 270 வாற்றாகும். அத்துடன், உச்சி வெயிலின் சுமார் 1000 வாற்றில் பழைய சாம்பல்நிறக் கூரை 700 வாற்றுக்கு மேல் உறிஞ்ச, புதிய வெண்பூச்சு 200 வாற்றளவையே உறிஞ்சுகிறது. வாங்குவது குறைந்து கொடுப்பது கூடினால் கூரை 60 பாகையை எட்டவே மாட்டாது. பளபளக்கும் தகடு வெயிலைத் திருப்பியனுப்பும் என்று நம்பி வாங்கியவர்கள் நண்பகலில் ஏமாறுவது, அது கொஞ்சமாக வாங்கினாலும் வாங்கியதைக் கொடுக்கத் தெரியாததாலேயே.

பளபளப்புக்கும் உரிய இடம் ஒன்றுண்டு. அது கூரையின் அடிப்புறமாகும். தகட்டுக்குக் கீழே, சிறு காற்றிடைவெளி விட்டு, பளபளப்பான வெப்பத்தடுப்புத் தாளைப் பொருத்தினால், அது அறையை நோக்கி மிகக் குறைவாகவே உமிழும். மேலே வெண்மை, கீழே பளபளப்பு. இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் பணமும் வீண், பயனும் இல்லை.

தொடர்மாடிகளின் கொங்கிறீற்றுத் தளங்களின் நிலை சற்று வேறானது. கொங்கிறீற்றின் காலற்றிறன் இயல்பாகவே 0.9 அளவில் உள்ளது. அது உமிழத் தெரியாத பொருளல்ல. ஆனால் அதன் பாரிய உடலில் பகல் முழுவதும் சேர்ந்த வெப்பம், இரவில் மேலும் கீழுமாக மெல்ல மெல்ல வெளியேறுகிறது. வறண்ட பாலைவனத்தில் தெளிந்த வானம் அவ்வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும். நமது கரையோர வானத்தின் நீராவியும் முகிலும் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே இங்கே இரவின் குளிர்ச்சியை நம்பியிருப்பதைவிட, பகலில் வெப்பம் சேராது தடுப்பதே அறிவுடைமை. மேற்றளத்துக்கு வெண்பூச்சு இடுவதும், நிழற்பந்தல் அமைப்பதும், செடித் தொட்டிகள் வைப்பதும் அத்தகைய வழிகளாகும்.

இவை கற்பனை யோசனைகளல்ல. இந்தியாவின் அஹமதாபாத் நகரம், 2013 இல் வெப்பச் செயற்றிட்டத்தை நடைமுறைப்படுத்திய பின், 2017 இல் வறிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் முயற்சியைத் தொடங்கியது. தெலங்கானா மாநிலம் 2023 இல் குளிர் கூரைகளுக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது. நமது கொழும்பிலோ தனிப்பட்ட சிலரின் முயற்சிகளைத் தவிர, இது ஒரு பொதுப் பணியாகக் கருதப்படவில்லை.

சில எச்சரிக்கைகளையும் கூறாதிருக்க முடியாது. கொழும்பின் ஈரத்தில் பாசியும் தூசியும் விரைவில் படியும். வெண்பூச்சைக் காலத்துக்குக் காலம் கழுவிப் புதுப்பிக்கவேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அதன் நார்த் துகள்கள் நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை. உயர்ந்த தொடர்மாடிகளுக்கு நடுவேயுள்ள தாழ்ந்த கூரைகளின் வெண்மை அயலவரின் கண்களைக் கூசச் செய்யலாம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னுமொரு விடயம் மனதை உறுத்துகிறது. வெண்பூச்சுக்கு வெண்மை தருவது பெரும்பாலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டாகும். அதன் மூலக் கனியமான இல்மனைட், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையிலே மணலோடு மணலாகக் கிடக்கிறது. பல தசாப்தங்களாக அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. பூச்சாக மாறி வரும்போது நாம் அதை விலை கொடுத்து வாங்குகின்றோம். பிறநாட்டார் அணுவிலே மாசிட்டு விண்ணிலே பயன்கொள்ளும் காலத்தில், நாம் நமது மணலைக் கூட முழுமையாகப் பயன்கொள்ளாதிருக்கின்றோம்.

காலற்றிறன் என்ற சொல்லை நமது உயர்தர மாணவர்கள் ஆண்டுதோறும் மனனம் செய்கின்றனர். ஸ்டெபானின் விதியைக் கொண்டு கணக்கும் செய்கின்றனர். பரீட்சை மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, இதன் காலற்றிறன் என்னவென்று கேட்க நாம் அவர்களைப் பழக்கவில்லை. ஒரே அளவான இரு தகட்டுத் துண்டுகள், ஒரு பேணி வெண்பூச்சு, இரண்டு வெப்பமானிகள் ஆகியன இருந்தால் எந்தப் பாடசாலை முற்றத்திலும் ஒரு நண்பகலில் இவ்வுண்மையைக் கண்ணாரக் காட்டிவிடலாம்.

ஜம்பட்டா வீதியிலுள்ள ஒரு சிறு வீட்டின் கூரையும், விண்வெளியில் மிதந்த ஹயபுசாவின் ஓடும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவையே. ஒன்றுக்குக் கோடிக்கணக்கில் செலவிட்டு வழி கண்டார்கள். மற்றொன்றுக்குச் சில வாளி வெண்பூச்சும் சிறிது உடலுழைப்புமே தேவை. பாடசாலைகளினதும் கோயில் மண்டபங்களினதும் பள்ளிவாசல்களினதும் தேவாலயங்களினதும் பரந்த கூரைகளிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அடுத்த பங்குனி வெயில் வருமுன்னர், மாநகர சபையும் சமூக அமைப்புகளும் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களும் இதனைக் கருத்திற்கொள்ளுமா என்பதே நமது கேள்வியாகும்.